ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் உணர்ச்சி வளர்ச்சிக்கும் சமூக வளர்ச்சிக்கும் உதவுவது எப்படி: வீட்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம் (பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் புலனுணர்விலும் வேறுபாடு), ஏடிஎச்டி (கவனச் சிதறலும் மிகுந்த துறுதுறுப்பும்), கற்றல் குறைபாடு போன்ற நரம்பியல் வேறுபாடுகளுடன் வளரும் குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் வருகிறார்கள்: “மற்ற பிள்ளைகளோடு இவன் எப்போது சேர்ந்து விளையாடுவான்?” கேள்வி நியாயமானது, ஆனால் அது இந்த வழிகாட்டியின் ஏழாவது படிக்கு உரியது. முந்தைய ஆறு படிகளையும் தாண்டிக் குழந்தையை நேராகப் பிறந்தநாள் விழாவிலோ அடுக்ககத்தின் விளையாட்டு இடத்திலோ கொண்டுபோய் நிறுத்துவதால், பல குழந்தைகள் மற்ற குழந்தைகளைக் கண்டாலே அஞ்சத் தொடங்குகிறார்கள்.

முதலில் உடல் அமைதி பெற வேண்டும். அடுத்துக் குழந்தைக்குத் தன் தேவையைச் சொல்ல ஒரு வழி வேண்டும். பிறகு உணர்ச்சிகளுக்குப் பெயர் வேண்டும். அதன் பின்னரே இன்னொருவருடன் விளையாட்டு. இந்த வழிகாட்டி ஏறத்தாழ மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குழந்தையை மற்றவர்களைப் போலத் தோன்றச் செய்வது இதன் நோக்கமன்று. அது அச்சமின்றித் தன் விருப்பத்தைச் சொல்லவும், தனக்குப் பிடித்த சிலரோடு உறவு கொள்ளவும் வழி அமைப்பதே நோக்கம்.

1. தொடங்குவதற்கு முன் தேவையானவை

முதலில் உடல்நலத்தைப் பார்த்துவிடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்காமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது. மலச்சிக்கல், பல்வலி, தூக்கக் குறைவு ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குழந்தை அவற்றை அழுகையாகவும் அடியாகவும் காட்டும். வலியிலிருக்கும் குழந்தைக்கு நடத்தைப் பயிற்சி கொடுப்பதால் பயனில்லை.

சென்னையில் மதிப்பீட்டுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனமும் பலருக்கும் தெரிந்த இடங்கள். ஆனால் மாற்றுத்திறன் சான்றிதழ் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள வீட்டுப் படிகளில் எதற்கும் மருத்துவச் சீட்டு தேவைப்படாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

அடுத்தது வீட்டின் ஒப்புதல். அம்மா ஒரு முறையைப் பின்பற்ற, அப்பா அதட்ட, பாட்டி மிட்டாய் கொடுத்துச் சமாதானப்படுத்தினால், குழந்தைக்கு எதை நம்புவதென்று தெரியாது. “இந்த மூன்று மாதமும் குழந்தையை யாரும் அடிக்கக் கூடாது, யாரும் மிரட்டக் கூடாது, வெடித்து அழும்போது ஒருவர் மட்டுமே அருகில் இருக்க வேண்டும்” என்ற மூன்று விதிகளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தாத்தா பாட்டியிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாமல் காரணத்துடன் சொன்னால், வீட்டிலேயே மிகப் பொறுமையான துணையாக அவர்கள் மாறுவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

2. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போதும்: முன்பு என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன நடந்தது. அதனுடன் நேரம், பசி, தூக்கம், வெக்கை, சத்தம் ஆகியவற்றையும் குறியுங்கள். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதில்லை அல்லவா, அதனால்தான் இந்தப் படி.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பார்த்ததை எழுதாமல் முடிவை எழுதுவது. “அடம் பிடித்தான்” என்ற குறிப்பு எதற்கும் உதவாது. “காலை 7.10, மிக்சி ஓடியது, காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்தான், மிக்சியை நிறுத்தியதும் இரண்டு நிமிடத்தில் எழுந்தான்” என்ற குறிப்பு அடுத்த நாள் செய்ய வேண்டியதைத் தானே சொல்லிவிடும்.

நம் ஊரில் திரும்பத் திரும்பத் தென்படும் காரணங்கள் சில உண்டு: குக்கர் விசில், தெருமுனை ஒலிபெருக்கி, பள்ளி வேனின் நெரிசல், ஏப்ரல், மே மாதங்களில் வியர்வையில் உடலோடு ஒட்டும் சீருடை, எதிர்பாராத மின்வெட்டு. நமக்குப் பழகிப்போனதால் அவை நம் கண்ணிலேயே படுவதில்லை.

3. உடலுக்கு அமைதி தரும் ஏற்பாடுகள்

வீட்டில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். மங்கலான வெளிச்சம், ஒரு தலையணை, ஒரு கனமான போர்வை, பிடித்த ஒரு பொருள் போதும். சிறிய ஃப்ளாட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடம்கூடப் பயன்படும். அந்த மூலைக்குத் தண்டனையாக ஒருமுறைகூட அனுப்பாதீர்கள். ஒரே ஒருமுறை “போய் மூலையில உட்காரு” என்று சொல்லிவிட்டால், குழந்தை அதைப் புகலிடமாக நினைப்பது அன்றோடு நின்றுபோகும்.

தசைகளுக்கு வேலை தரும் செயல்கள் பல குழந்தைகளை அமைதிப்படுத்துகின்றன. சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, மளிகைப் பையைத் தூக்கி வருவது, ஊஞ்சலில் ஆடுவது போன்றவற்றை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முன்னால் வையுங்கள். குறிப்பாக ஏடிஎச்டி உள்ள குழந்தையிடம் “முதலில் பாடம், பிறகு ஓட்டம்” என்பதை “முதலில் ஓட்டம், பிறகு பாடம்” என்று மாற்றிப் பாருங்கள்.

கையை உதறுவதும், முன்னும் பின்னும் ஆடுவதும், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதும் குழந்தை தன்னைத் தானே சமன்படுத்திக்கொள்ளும் வழிகள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாத வரை அவற்றைத் தடுக்காதீர்கள். தடுத்தால் உள்ளே இருக்கும் பதற்றம் குறையாது. வெளியேறும் வழி மட்டும் அடைபடும்.

வெடித்து அழும் நேரத்துக்குத் தனியாக ஓர் ஒழுங்கு தேவை. முதலில் ஆபத்தான பொருள்களை அகற்றுங்கள். அடுத்து ஆட்களைக் குறையுங்கள், விளக்கை அணையுங்கள், டிவியை நிறுத்துங்கள். பிறகு பேச்சைக் குறையுங்கள். “அம்மா இங்கதான் இருக்கேன்” என்பதற்கு மேல் சொற்கள் வேண்டாம். அந்த நேரத்தில் குழந்தையின் மூளை விளக்கங்களை ஏற்கும் நிலையில் இல்லை. அறிவுரை என்பது அதற்கு இன்னுமொரு சத்தம். அழுகை ஓய்ந்ததும் தண்ணீர், ஓய்வு, மௌனம். நடந்ததைப் பற்றிய பேச்சு சில மணி நேரத்துக்குப் பிறகோ மறுநாளோ இருக்கட்டும்.

ஒரு பொருள் கிடைக்க வேண்டும் என்பதற்காக அழுவதற்கும் தாங்க முடியாமல் வெடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் குழந்தை நம்மைப் பார்த்துப் பார்த்து அழும். கேட்டது கிடைத்ததும் நிற்கும். இரண்டாவதில் கேட்டது கிடைத்தாலும் நிற்காது. இதைப் பிரித்தறியாமல் இரண்டுக்கும் ஒரே கண்டிப்பைக் காட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

4. தேவையைச் சொல்ல ஒரு வழி

“வேண்டாம்”, “போதும்”, “உதவி”, “கொஞ்ச நேரம் தனியா” என்ற நான்கையும் குழந்தை எப்படியாவது சொல்ல முடிய வேண்டும். பேச்சாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. கைச்சைகை, படஅட்டை, கைப்பேசிச் செயலி எதுவும் சரி. படங்களைத் தொட்டுத் தேவையைச் சொல்ல உதவும், சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் இயங்குகிறது. “அட்டையைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமே” என்ற அச்சத்தை ஏறத்தாழ எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிறேன். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சொல்ல ஒரு வழி கிடைத்ததும் பதற்றம் தணிந்து, சில குழந்தைகளுக்குப் பேச்சும் கூடுகிறது.

“வேண்டாம்” என்பதை முதலில் கற்றுக்கொடுங்கள். சொன்ன உடனே, முடிந்த இடங்களில் எல்லாம், அதை மதியுங்கள். மறுப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த குழந்தைக்குக் கடிக்கவும் தள்ளவும் தேவை குறையும். பின்னாளில் தகாத தொடுதலை மறுப்பதற்கும் இதுவே அடித்தளம்.

எந்த மொழியில் பேசுவது என்ற குழப்பம் சென்னை வீடுகளில் மிகுதி. பள்ளி ஆங்கில வழி என்பதால் வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசும்படி சிலர் அறிவுறுத்துகிறார்கள். பெற்றோர் அதன்படி தங்களுக்கே இயல்பாக வராத மொழியில் துண்டு துண்டாகக் கட்டளைகளை மட்டும் சொல்கிறார்கள். பாட்டியுடன் குழந்தைக்கு இருந்த பேச்சுறவும் அறுந்துபோகிறது. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. நீங்கள் எந்த மொழியில் கொஞ்சுவீர்களோ, எந்த மொழியில் ஆறுதல் சொல்வீர்களோ, அந்த மொழியிலேயே பேசுங்கள். உணர்ச்சிகளைக் கற்கும் மொழி அதுதான்.

5. உணர்ச்சிகளுக்குப் பெயர்: உடலிலிருந்து தொடங்குங்கள்

சிரிக்கும் முகம், அழும் முகம் அச்சிட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்லவைப்பதே வழக்கமான தொடக்கம். அதில் தேறிய குழந்தை அட்டையிலுள்ள முகத்துக்குப் பெயர் சொல்லும். தன் நெஞ்சு படபடப்பதைப் பயம் என்று அறியாது. நரம்பியல் வேறுபாடுள்ள குழந்தைகளில் பலருக்குப் பசி, தாகம், சிறுநீர் முட்டுதல் போன்ற உள்ளுணர்வுகளே தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே உடலில்தான் தொடங்க வேண்டும்.

“கை சூடா இருக்கு”, “வயிறு கூச்சமா இருக்கு”, “நெஞ்சு வேகமா அடிக்குது” என்று நடப்பதை அந்தந்த நேரத்தில் சொல்லுங்கள். மாடிப்படி ஏறி வந்ததும் குழந்தையின் கையை அதன் நெஞ்சில் வைத்துக் காட்டலாம். சில வாரம் கழித்து அதனுடன் ஒரு சொல்லைச் சேருங்கள்: “நெஞ்சு வேகமா அடிக்குது, பயமா இருக்கு போல.” சந்தோஷம், கோபம், பயம், வருத்தம் என்ற நான்கு சொற்கள் முதல் சில மாதங்களுக்குப் போதும்.

“எப்படி இருக்கு? சொல்லு, எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அது குழந்தைக்குத் தேர்வு. கேட்பதைவிட உங்கள் உணர்ச்சியை நீங்களே சொல்லிக் காட்டுவது நல்லது: “பால் பொங்கிடுச்சு. அம்மாவுக்குக் கோபம் வருது. கொஞ்சம் தண்ணி குடிக்கிறேன்.” உணர்ச்சி வரலாம், அதற்கு ஒன்று செய்யலாம், அது போய்விடும் என்ற மூன்றையும் குழந்தை ஒரே காட்சியில் பார்த்துவிடுகிறது.

அடுத்து அளவு. எல்லா வீட்டிலும் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டரைப் பயன்படுத்துங்கள். ஒன்றில் மெதுவாக, ஐந்தில் படுவேகமாகச் சுழலும் விசிறியைக் குழந்தை அறியும். ஓர் அட்டையில் அதே போன்ற வட்டத்தை வரைந்து, நடுவில் திருப்பக்கூடிய முள் ஒன்றை வைத்து, “இப்போ உள்ளே எத்தனையில ஓடுது?” என்று முதலில் உங்கள் எண்ணை நீங்கள் வைத்துக் காட்டுங்கள். மூன்றில் இருக்கும்போதே அமைதி மூலைக்குப் போகலாம் என்பதைப் பழக்குங்கள். ஐந்துக்குப் போன பிறகு அட்டையை நீட்டுவது வீண். இதைத்தான் பலரும் செய்துவிட்டு அட்டை பயன்படவில்லை என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொள்ளும் குழந்தையிடம் “உயிரை வாங்காதே” போன்ற பேச்சைத் தவிர்க்கவும். தான் யாரையோ கொல்கிறேன் என்றே அது எண்ணக்கூடும்.

6. ஒரு பெரியவருடன் விளையாட்டு

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழந்தையின் அருகில் தரையில் அமருங்கள். அது செய்வதையே நீங்களும் செய்யுங்கள். கார்களை வரிசையாக அடுக்கினால் நீங்களும் ஒரு வரிசை அடுக்குங்கள். கேள்வி வேண்டாம், திருத்தம் வேண்டாம். உங்களைக் குழந்தை நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள்: வரிசையில் ஒரு காரைத் தலைகீழாக வைத்துவிட்டு நிறுத்துங்கள். அது சிரித்தாலும் சரி, திருப்பி வைத்தாலும் சரி, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

குழந்தையின் தனி ஆர்வத்தைக் குறையாக எண்ணாதீர்கள். மாநகரப் பேருந்து எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் குழந்தையுடன் 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியை நாற்காலிகளால் அமைத்து, ஒருவர் ஓட்டுநர், ஒருவர் நடத்துநர் என்று மாறி மாறி நடிக்கலாம். முறை மாற்றுதல், காத்திருத்தல், கேட்டல், கொடுத்தல் அனைத்தும் அதற்குள் இருக்கின்றன.

முறை வைத்து ஆடுவதைப் பழக்கப் பல்லாங்குழி மிக நல்லது. கையில் சோழி இருப்பவர் முறை என்பது கண்ணுக்குத் தெரியும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சோழியின் தொடுவுணர்வும் பல குழந்தைகளுக்குப் பிடிக்கும். தோல்வியைத் தாங்காத குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் முடியும் ஆட்டங்களை வையுங்கள், ஏனெனில் அடுத்த ஆட்டம் உடனே வரும் என்பதே அதன் ஆறுதல். எப்போதும் விட்டுக்கொடுத்துத் தோற்றுப் பழக்கினால், பிற குழந்தைகளிடம் தோற்கும் முதல் நாள் பேரிடியாகிவிடும்.

7. ஒரே ஒரு குழந்தையுடன்

இப்போதுதான் பெற்றோர் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். துணையாக வரும் குழந்தையைத் தேர்ந்தெடுப்பதில் வயதைவிட வேகம் முக்கியம். இருவருக்கும் பொதுவான ஒரு விருப்பம் இருக்க வேண்டும். ஓரிரு வயது மூத்த, நிதானமான குழந்தையோ, தன்னைப் போலவே நரம்பியல் வேறுபாடுள்ள இன்னொரு குழந்தையோ பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும்.

முதல் சந்திப்பு உங்கள் வீட்டில், பசியும் களைப்பும் இல்லாத நேரத்தில், அரை மணிக்குள் முடிய வேண்டும். குழந்தைக்கு மிகப் பிரியமான பொருள்களை முன்கூட்டியே கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றைப் பகிரச் சொல்லி வற்புறுத்துவது முதல் நாளையே கெடுத்துவிடும். மணல், களிமண், கட்டைகள் போன்றவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் அமர்த்துங்கள். பேசாமல் அருகருகே விளையாடுவதும் சேர்ந்து விளையாடுவதுதான். இருவரும் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கடைசி நினைவு இனியதாக இருந்தால் அடுத்த சந்திப்பு எளிதாகும்.

வரும் குழந்தையையும் தயார்செய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவது இருபக்கச் சிக்கல் என்பதை ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எடுத்துரைத்தார். நடைமுறையில் அதன் பொருள், பயிற்சியின் சுமை முழுவதையும் நம் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது என்பதே. “இவனுக்குச் சத்தம் பிடிக்காது. முகத்தைப் பார்க்கலைன்னாலும் நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டுதான் இருப்பான். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுப்பான்” என்று, அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் முதலில் பேசிவிட்டு, எளிமையாகச் சொல்லுங்கள். “நீதான் இவனைப் பார்த்துக்கணும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்போது அது நட்பாக இல்லாமல் பணிவிடையாகிவிடும்.

“கண்ணைப் பார்த்துப் பேசு” என்ற கட்டாயம் இங்கே வேண்டாம். பல குழந்தைகளுக்குக் கண்ணைப் பார்ப்பதும் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் இயலாது. அதேபோல் சண்டை வந்ததும் “சாரி சொல்லு” என்று பிடித்து நிறுத்தாதீர்கள். இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்ட உதவுவது போன்ற செயல், பொருள் புரியாத மன்னிப்பைவிட மேலானது.

8. பொது இடமும் உறவினர் கூட்டமும்

புதிய இடத்துக்குப் போகும் முன் அந்த இடத்தின் படங்களை வைத்து, நான்கைந்து வரிகளில் சிறு படக்கதை செய்து சில நாள் வாசித்துக் காட்டுங்கள்: எங்கே போகிறோம், யார் இருப்பார்கள், என்ன சத்தம் வரும், சோர்ந்தால் என்ன செய்யலாம், எப்போது திரும்புவோம். கிண்டி சிறுவர் பூங்கா நல்ல தொடக்க இடம். ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறை. படக்கதை வாசித்துக் கூட்டிப்போய்ப் பூட்டிய கதவைக் காட்டுவது பெரிய ஏமாற்றம் என்பதால், எந்த இடமானாலும் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அதிகாலையில் போகலாம். ஆட்டிசக் குழந்தைகள் பலர் தண்ணீரால் மிகவும் ஈர்க்கப்படுவார்கள், அபாயம் உணராமல் அதை நோக்கி ஓடுவார்கள். ஆகவே குழந்தையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

திருமண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வெளியே இருங்கள். காதை மூடும் ஹெட்போன், தெரிந்த உணவு, வெளியேறும் வழி மூன்றும் தயாராக இருக்கட்டும். “மாமாவுக்கு முத்தம் கொடு” என்று யாராவது கேட்டால், “வணக்கம் சொல்லுவான் மாமா, தொட்டா அவனுக்குக் கூச்சம்” என்று பணிவாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

9. பள்ளி

ஜூனில் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் ஒரே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். குழந்தைக்கு எது பிடிக்கும், எது தாங்காது, பதற்றத்தின் முதல் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்யலாம் என்பவை மட்டும் போதும். நீண்ட மருத்துவ அறிக்கையை நாற்பது பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர் படித்து முடிப்பது கடினம்.

பாட நேரத்தைவிட மதிய உணவு இடைவேளையும் விளையாட்டு வகுப்பும்தான் இக்குழந்தைகளுக்குக் கடினம். அங்கே ஒழுங்கும் விதியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூலகம் போக அனுமதி, குறிப்பிட்ட ஓர் இருக்கை, துணைக்கு ஒரு தோழன் போன்றவற்றைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான வசதிகளைச் செய்து தரவும் வேண்டும். சட்டத்தின் பட்டியலிலுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை. ஆகவே ஏடிஎச்டி மட்டும் உள்ள குழந்தைக்கு மருத்துவரின் கடிதத்துடன் பள்ளியிடம் பேசிப் பெற வேண்டியிருக்கும்.

“பள்ளியில் சமர்த்தாக இருக்கிறான், வீட்டில்தான் ஆட்டம் போடுகிறான்” என்று ஆசிரியர் சொன்னால் பெற்றோர் வளர்ப்பைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் தன்னை அடக்கிக்கொண்டிருந்த குழந்தை, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் வெடிக்கிறது. பள்ளி முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் டியூஷன், தெரபி, கேள்விகள் எதுவும் வேண்டாம்.

10. முன்னேற்றத்தை அளப்பதும் பின்வாங்குவதும்

எத்தனை நண்பர்கள் என்று எண்ணாதீர்கள். அழுகைக்குப் பின் மீண்டுவர எடுக்கும் நேரம் குறைகிறதா, தானாகவே ஓய்வு கேட்கிறதா, உங்களிடம் ஒரு பொருளைக் காட்டுவதற்காக மட்டும் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டினால் அன்றாடம் தெரியாத மாற்றங்கள் தெரியும்.

முன்பு பேசிய சொற்களை இழப்பது, தன்னையே தாக்கிக்கொள்வது, வலிப்பு, பல நாள் தூக்கமின்மை, “நான் இருக்க வேணாம்” என்பது போன்ற பேச்சு ஆகியவற்றுக்கு வீட்டுப் படிகள் போதாது. உடனே மருத்துவரைப் பாருங்கள். பெற்றோரும் உடைந்துபோகும் நாள்கள் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

காய்ச்சல், வீடு மாறுதல், கோடை விடுமுறை, தம்பி தங்கை பிறப்பு ஆகியவற்றுக்குப் பிறகு குழந்தை பழைய நிலைக்குப் போனதுபோல் தோன்றும். அப்போது நின்ற இடத்திலிருந்து தொடர முயல வேண்டாம். மூன்றாம் படிக்குத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் சில நாள்கள் மட்டும் நின்று மேலே வாருங்கள். ஒருமுறை ஏறிய படிகள் என்பதால் இரண்டாம் முறை அவை விரைவாகக் கடந்துவிடும்.